குழாயை எடுக்கும்போது வரும் இருமல்

பெரிய அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது, மூச்சு தடைபடாமல் இருக்க மூச்சுப்பாதையில் ஒரு குழாய் வைப்பார்கள். சிகிச்சை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது பலருக்கு இருமல் வரும். தண்ணீர் புரையேறினால் உடம்பே குலுங்குமே, அந்த மாதிரி இருமல். தைராய்டு அறுவை முடிந்த கழுத்தில் அது ரத்தக்கசிவைத் தூண்டலாம். கண்ணிலோ மூளையிலோ அறுவை நடந்திருந்தால், இருமலால் உள்ளே அழுத்தம் ஏறுவது ஆபத்து. அதனால்தான் லிடோகெயின், டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற மருந்துகளைக் கொடுக்கிறார்கள். இவை இருமலைக் குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இருமல் நம்மைக் காப்பதுதானே, அதைக் குறைக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சளியும் எச்சிலும் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பது இருமல்தான். அதனால் மருந்தை அளவாகவே கொடுப்பார்கள். நோயாளி தானாக மூச்சுவிடுகிறாரா என்று பார்த்த பிறகே குழாயை எடுப்பார்கள். மருந்து கூடினால் விழிப்பது தாமதமாகும், நாடித்துடிப்பும் குறையலாம். சாப்பிட்ட வயிற்றோடு அவசரமாக வந்தவருக்கு இருமும் திறன் முழுசாகவே வேண்டும். ஆகவே இந்த மருந்து எல்லோருக்கும் தேவையில்லை. தேவையா என்று முடிவு செய்ய மயக்க மருத்துவருக்கு உங்கள் உடல்நிலை தெரிய வேண்டும். ஆஸ்துமா, புகைப்பழக்கம், நெஞ்செரிச்சல், அண்மையில் வந்த சளி, எதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.