தொட்டிலருகே ஒரு நெடுநாவல்



சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிலே நெடிய நாவலொன்றை வாசிப்பதற்கு நேரம் ஏது என்று கேட்கும் தாய்மார் பலர். பாடசாலை அதிபர் என்ற முறையில் நான் சந்திக்கும் பெற்றோரிற் சிலர் என்னிடமே கற்றவர்கள். மாணவியராய் இருந்த காலத்தில் நூலக அலுமாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து முடித்தவர்கள். இப்பொழுது என்ன வாசிக்கிறீர்கள் என்று வினவினால், “பிள்ளைகள் வளரட்டும், பிறகு பார்ப்போம்” என்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்; நாவலிடம் திரும்பி வரும் தாய்மாரோ மிகச் சிலர். பத்தாண்டு பூட்டிக் கிடந்த கதவு எளிதில் திறப்பதில்லை.

நெடிய நாவலுக்கு நெடிய ஓய்வு வேண்டும் என்னும் எண்ணமே இத்தயக்கத்திற்குப் பெருங்காரணம். நாவலின் வரலாறு இதற்கு மாறான செய்தியைத் தருகிறது. டிக்கன்சின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836ஆம் ஆண்டிலே மாதம் ஒரு பகுதியாக வெளிவரத் தொடங்கியது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், வார இதழில் தொடர்ந்து வெளிவந்தது. அதன் முதல் வாசகர்களுக்கு வாரத்திற் சில பக்கங்களே கிடைத்தன. எஞ்சிய நாட்களில் அடுப்படியிலும் கிணற்றடியிலும் கதையை மனத்தில் அசைபோட்டபடி அவர்கள் அடுத்த இதழுக்குக் காத்திருந்தனர். இத்தகைய நாவல்கள் விட்டு விட்டு வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டவை.

சிறிது கணக்குப் பார்ப்போம். ஆறுதலாக ஒரு பக்கம் வாசிக்க இரண்டு நிமிடம் எனின், கால்மணி நேரத்தில் ஏழு பக்கங்கள் வாசிக்கலாம். ஓராண்டில் அது 2,555 பக்கங்களாகும். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் அதற்குள் முடித்துவிடலாம்.

அந்தக் கால்மணியை எங்கே தேடுவது? இரவிலே எல்லா வேலையும் முடிந்த பின்னர் என்று வைத்தால் கண்கள் இணங்கா. பகலில் குழந்தை உறங்கத் தொடங்கியதும் வரும் முதற் கால்மணியை நூலுக்குக் கொடுங்கள். வேலைக்குச் செல்லும் தாய்க்குப் பேருந்துப் பயணமோ மதிய இடைவேளையோ உதவலாம். கதைமாந்தரின் பெயர்களைச் சிறு தாளில் எழுதி நூலினுள்ளே வைத்துக்கொண்டால், இரண்டு நாள் விடுபட்டாலும் கதை கைநழுவாது. நூலகத்திலும் ஒவ்வொரு பாகமாக இரவல் பெறுங்கள்.

எனினும், வீட்டார் இடங்கொடாவிடின் இக்கால்மணி நிலையாது. டால்ஸ்டாய் ‘போரும் அமைதியும்’ எழுதிய காலத்தில் அவர் மனைவி சோபியா வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தபடி, கணவரின் கையெழுத்துப் பிரதிகளை மீண்டும் மீண்டும் படியெடுத்தார். நாவல் முழுமையாக வெளிவந்த 1869ஆம் ஆண்டில் அவ்வீட்டிலே நான்கு பிள்ளைகள் இருந்தனர். எழுதுவோர் ஒருவருக்காக ஒரு வீடு இவ்வளவு தாங்குமாயின், வாசிக்கும் தாய்க்காகக் கால்மணி நேரம் தாங்கலாகாதா? தந்தைமாரே, அந்நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்திற்குச் செல்வது உங்கள் கடமை. அதை உதவி என்று எண்ணாதீர்கள்.

பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. வாசி, வாசி என்று ஏவும் குரலைவிட, நூலிலே ஆழ்ந்திருக்கும் தாயின் முகம் பிள்ளைக்கு நன்கு விளங்கும். ஆயினும் அப்பயனைக் காட்டித்தான் தாய் தன் வாசிப்புக்கு அனுமதி பெறவேண்டும் என்பதில்லை. தாயான பின்னரும் அவள் தனக்கென ஒரு மனமுடையவள். அம்மனத்துக்கும் உணவு வேண்டும்.

ஆகவே, விருப்பமான நாவலொன்றை அலுமாரியிலிருந்து எடுத்துத் தொட்டிலருகே வையுங்கள். ஏழு பக்கங்கள் போதும். எஞ்சியவை நாளைக்கு இருக்கட்டும்.