கண் பழகும் இடம்

ஒளிப்படக் கலைக்கென அமைந்த இந்த நினைவுச் சொற்பொழிவில், அந்தக் கலைக்குள் வரும் இளைஞர்கள் பலரையும் மிரட்டும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நல்ல படத்தைப் பார்த்தால் ‘எடுத்தவருக்குக் கண் இருக்கிறது’ என்கிறோம். பாராட்டுத்தான். ஆனால் கண் சிலருக்கு மட்டும் வாய்ப்பது என்று ஒப்புக்கொண்டால், வாய்க்காதவர்கள் கேமராவைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இந்த வழக்கை முன்பே விசாரித்திருக்கிறது. ஓவியத்தைக் கையின் பழக்கம் என்றும், கொடையும் இரக்கமும் பிறவியோடு வருபவை என்றும் அது பிரிக்கிறது. ஓவியருக்குக் கை பழகுகிறது, சரி. ஒளிப்படத்தில் கையின் வேலை ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிந்துவிடுகிறதே, அங்கே எது பழகுகிறது, எங்கே பழகுகிறது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணும் பழகித்தான் வருகிறது. ஆனால் படமெடுக்கும் தெருவில் பழகுவதைவிட, எடுத்ததைப் பரப்பி வைத்துப் பார்க்கும் மேசையில்தான் அது அதிகம் பழகுகிறது.

பார்வை பழகக்கூடியதுதானா என்பதை முதலில் பார்ப்போம். 1973இல் சேஸ், சைமன் என்ற இரு உளவியலாளர்கள், ஆட்டத்தின் நடுவிலிருந்த சதுரங்கப் பலகையைச் சில விநாடி காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலானவற்றைச் சரியாக வைத்தார். புதியவரால் சிலவற்றையே வைக்க முடிந்தது. காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. தேர்ந்தவருக்குப் பிறவியிலேயே கூரிய நினைவு இருந்திருந்தால் தாறுமாறான பலகையிலும் அது உதவியிருக்கும். அவரிடம் இருந்தவை, பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அமைப்புகள். இன்னொரு சான்று கோழிப் பண்ணையிலிருந்து வருகிறது. ஒருநாள் குஞ்சில் சேவல் எது, பெட்டை எது என்று பிரிப்பது பல ஆண்டுகளில் கைகூடும் வித்தை என்பார்கள். 1987இல் பீடர்மன், ஷிஃப்ரார் என்ற ஆய்வாளர்கள் கடினமான குஞ்சுகளின் படங்களைப் புதியவர்களிடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 60 அளவில் சரியாகச் சொன்னவர்கள், எங்கே பார்ப்பது, எந்த வடிவத்தைத் தேடுவது என்ற சிறு குறிப்பைப் படித்ததும் 84 அளவுக்கு உயர்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் தானாகச் சேரும் என்று நம்பப்பட்ட பார்வையின் பெரும்பகுதி, இடம் சுட்டிச் சொன்னதும் வந்துவிட்டது.

அப்படியானால் நிறையப் படமெடுத்தால் போதுமா? போதாது. 1993இல் உளவியலாளர் எரிக்சனின் குழுவினர் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து, பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எவரும் மேதையாகலாம் என்ற பேச்சு பிறந்து உலகெங்கும் பரவியது. 2014இல் மெக்னமாராவும் உடன் ஆய்வாளர்களும் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் காணும் திறமை வேறுபாட்டில் பயிற்சியால் விளக்க முடிந்தது சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 விழுக்காடு, இசையில் 21, உடல் விளையாட்டுகளில் 18. தொழில்களிலோ ஒன்றுக்கும் குறைவு. பிறவித் திறமைக் கட்சியினர் இந்த எண்களைத் தங்கள் வெற்றியாகக் கொள்வார்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியால் விளக்க முடியாமல் மீந்தது அத்தனையும் பிறவியின் கணக்கில் சேராது. யார் கற்பித்தார், எந்த வயதில் தொடங்கினார், வீட்டில் வசதி இருந்ததா என்பனவும் அந்த மீதிக்குள்தான் இருக்கின்றன. மேலும், மணிகளை எண்ணலாம். அந்த மணிகளுக்குள் பிழை கண்ணில் பட்டதா என்பதை எண்ணுவது கடினம்.

ஒளிப்பட வரலாறு இதைத் தெளிவாகவே காட்டுகிறது. ராபர்ட் ஃபிராங்க் 1955, 56ஆம் ஆண்டுகளில் குகன்ஹைம் நிதியுதவியோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றி 767 ஃபிலிம் சுருள்களில் ஏறத்தாழ 27,000 படங்கள் எடுத்தார். ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலில் இடம்பெற்றவை 83. இருபத்தேழாயிரத்தை எடுத்தது உழைப்பு. அவற்றிலிருந்து ஆயிரம் அளவில் அச்சிட்டு, சுவரில் மாட்டி, கலைத்து, மறுபடி அடுக்கி, 83இல் வந்து நின்றதே கண்ணின் வேலை. இதற்கு எதிர்ப்பக்கம் கேரி வினோகிராண்ட். நியூயார்க் தெருக்களை அவரைப் போல் எடுத்தவர்கள் மிகச் சிலரே. 1984இல் அவர் மறைந்தபோது சுமார் 2,500 சுருள்கள் கழுவப்படாமலும், 6,500 சுருள்கள் கழுவியும், படங்களை ஒரே தாளில் சிறிதாக அச்சிடும் காண்டாக்ட் ஷீட் கூடப் போடப்படாமலும் கிடந்தன. அவரைப் போற்றி வளர்த்த நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஜான் ஷார்கோவ்ஸ்கியே அந்தக் கடைசிக்கால வேலையைப் பார்த்து வருந்தினார். 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சிக்காக அதே குவியலிலிருந்து நல்ல படங்களைத் தேர்ந்து காட்டியவர்கள் உண்டு. இன்னொருவர் உட்கார்ந்து பார்த்ததால்தான் அவையும் கிடைத்தன. பயிற்சியின் அளவு மட்டுமே கண்ணைத் தருமென்றால், அந்தக் கடைசி ஆண்டுகளே வினோகிராண்டின் பொற்காலமாக இருந்திருக்க வேண்டும்.

வலுவான மறுப்பு குழந்தை மேதைகளிடமிருந்து வருகிறது. 1894இல் பிறந்த ழாக் ஆன்ரி லார்த்தீக், ஏழெட்டு வயதில் தந்தை தந்த கேமராவால் எடுத்தவற்றை 1963இல், அவருடைய 69ஆம் வயதில், அதே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்டியபோது உலகம் வியந்தது. இது பிறவி அல்லாமல் வேறென்ன என்பார்கள். ஆனால் அவருடைய தந்தையே படமெடுக்கும் பழக்கமுள்ள செல்வர். ஃபிலிமும் கண்ணாடித் தகடும் சிறுவனுக்கு எளிதாகக் கிடைத்தன. அதைவிட முக்கியம், அன்றன்று எடுத்த படங்களை நாட்குறிப்பில் நினைவிலிருந்து சிறு கோட்டுச் சித்திரங்களாக அவர் வரைந்து வைத்தார். வாழ்நாள் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட ஆல்பங்களில் படங்களை ஒட்டி, மாற்றி ஒட்டினார். எடுத்ததைத் திரும்பப் பார்ப்பதில் இவ்வளவு உழைத்தவர் வேறு யார்? கார்த்தியே பிரெசான் 1932இல் லைகா கேமரா வாங்கி, அதே ஆண்டில் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரை எடுத்தார் என்பதும் இப்படித்தான். அதற்கு முன் அவர் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் வடிவக்கணக்கைப் பயின்றிருந்தார். கேமரா புதிது, கண் பழையது.

விவியன் மேயர் இன்னும் கடினமான வழக்கு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தபடியே ஒரு லட்சத்துக்கு மேல் நெகட்டிவ்கள் சேர்த்தார். வாழ்நாளில் கிட்டத்தட்ட எவருக்கும் காட்டவில்லை. 2007 ஏலத்தில்தான் அவை வெளியே வந்தன. பார்க்காமலே கண் வருமென்பதற்கு அவரைச் சாட்சியாக்குகிறார்கள். ஆனால் 1956 முதல் சிகாகோவில் வேலை செய்த வீட்டில் தமக்கென இருந்த குளியலறையை அவர் இருட்டறையாக்கிக் கொண்டிருந்தார். தாமே கழுவினார், அச்சிட்டார். இன்று நாம் கொண்டாடும் கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தைச் சுற்றியவை. கழுவாத சுருள்கள் குவிந்தது பிற்பாடு.

பழக்கமே கண்ணைக் குருடாக்காதா என்று கேட்கலாம். ஆக்கும். 2013இல் வெளியான ஆய்வொன்றில், நுரையீரல் சி.டி. படங்களில் கட்டியைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், அங்கே செருகியிருந்த கொரில்லா உருவத்தைக் காணவில்லை. கட்டியைவிட அது 48 மடங்கு பெரியது. தேடுவதையே கண்டு பழகிய கண் மற்றதைத் தவறவிடும். இதற்கும் மருந்து பிறர் படங்களைப் பார்ப்பதும், தாம் ஒதுக்கியதை மறுபடி பார்ப்பதுமே.

பிறவிக்கு ஒன்றும் மிச்சமில்லையா? இருக்கிறது; அது வேறு இடத்தில் இருக்கிறது. 1936 மார்ச்சில் ஒளிப்படக்காரர் டோரதியா லாங்கே கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிப்பவர்களின் முகாமைத் தாண்டி சுமார் இருபது மைல் போய்விட்டார். மழை, அலுப்பு, வீடு திரும்பும் அவசரம். ஆனாலும் காரைத் திருப்பினார். அந்த முகாமில் இருந்த ஒரு தாயையும் அவருடைய குழந்தைகளையும் சில படங்களில் மெல்ல நெருங்கியது, 1919 முதல் ஸ்டூடியோவில் முகங்களைப் பார்த்துப் பழகிய கண். காரைத் திருப்பியதோ, ஔவை பிறவி என்று ஒதுக்கிய இரக்கம். நம் காட்டுயிர் ஒளிப்படக்காரர் மா. கிருஷ்ணன் யானைகளை எடுத்ததிலும் இதே கூட்டணியைக் காண்கிறேன்: காட்டின் மேலிருந்த பிடிவாதமான அன்பு, அதற்குப் பணிசெய்யப் பழகிய கண்.

ஆகவே, ‘உனக்குக் கண் இல்லை’ என்று எந்த மாணவரிடமும் சொல்ல நமக்கு ஆதாரமில்லை. ஃபிலிம் விலை ஏழை வீட்டுப் பிள்ளையைத் தடுத்த காலம் போய்விட்டது. கைபேசியில் எடுக்கச் செலவில்லை. ஆனால் எடுத்தவை திறந்து பார்க்கப்படாமலே நிறைகின்றன. வினோகிராண்டின் கடைசிக்காலச் சுருள்கள் இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றன. இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதம் பிள்ளைகள் எடுத்தவற்றில் முப்பத்தாறை ஒரே தாளில் சிறிதாக அச்சிட்டுக் கொடுங்கள். ஒன்றைத் தேர்ந்து, மற்ற முப்பத்தைந்தையும் ஏன் விட்டார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதமும் செய்யுங்கள்.