நம்ம வீட்டு டி.வி.டி.க்கு எந்த சாப்ட்வேர்?

(பெரும்பாறையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மைக்கைப் பிடிச்சா சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டுன்னுதான் பேசுவேன். இன்னைக்கு வேற ஒரு சேமிப்பு பற்றிப் பேசப் போறேன். உங்க வீட்டு டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில் கிடக்குதே கல்யாண டி.வி.டி., காதணி விழா டி.வி.டி., அதைப் பற்றித்தான்.

"இதுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேப்பீங்க. போன வருஷம் நடந்ததைச் சொல்றேன். நம்ம குழு அக்கா ஒருத்தர் ஆபீசுக்கு ஒரு டிஸ்க்கைக் கொண்டு வந்தாங்க. 2009-ல் மகளுக்குக் காது குத்தினப்ப எடுத்தது. அடுத்த வருஷமே அவங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரு. அவர் நடக்கிறதும் பேசுறதும் இருக்கிறது உலகத்திலேயே அந்த ஒரு டிஸ்க்கில்தான். "மேடம், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். அப்பா குரலை அவ ஒரு தடவை கேக்கணும்கிறா. வீட்டு பிளேயர்ல போட்டா பாதியில நின்னுருது"ன்னாங்க.

நான் எம்.எஸ்.டபிள்யூ. படிச்சவ, கம்ப்யூட்டர் தெரியும்கிற தைரியத்தில் உடனே உட்கார்ந்தேன். 'இலவச டி.வி.டி. காப்பி சாப்ட்வேர்'னு தேடி, முதலில் வந்ததை இறக்கினேன். அது அஞ்சு நிமிஷம் மட்டும் எடுத்துக் கொடுத்துட்டு, மீதி வேணும்னா பணம் கட்டுன்னுச்சு. கொடுத்த அஞ்சு நிமிஷத்திலும் படத்துக்கு நடுவில் அந்தக் கம்பெனி பேரு பெரிசா நின்னுச்சு. கூடவே கேக்காத நாலு சாப்ட்வேரும் கம்ப்யூட்டருக்குள்ள வந்து உட்கார்ந்துருச்சு. அதை எடுத்துப்போட்டு இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. இப்படி நலிஞ்ச டிஸ்க்கை நாள் பூரா சுத்த விட்டேன். சாயங்காலம் பார்த்தா, காலையில் ஓடின இடத்திலேயும் நிக்க ஆரம்பிச்சுருச்சு. அந்த அக்கா எதுவும் சொல்லலை. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

அதுக்கப்புறம்தான் முறையாக் கத்துக்கிட்டேன். நான் செய்த தப்பை நீங்க செய்யக்கூடாதுன்னுதான் இந்தப் பேச்சு.

முதல்ல டிஸ்க் ஏன் கெட்டுப்போகுதுன்னு தெரிஞ்சுக்கணும். டிஸ்க்கைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. ஊதாச் சாயல் அடிச்சா, அது ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் எழுதின டிஸ்க். அதுக்குள்ள ஒரு சாயப் படலம் இருக்கு. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் படத்தைப் பதிக்குது. துணிச் சாயம் வெயிலில் வெளுக்கிற மாதிரி இந்தச் சாயமும் வெயில், சூடு, ஈரத்தில் மங்கும். நம்ம ஊரோ ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளயே வந்து உட்கார்ற ஊர். மிளகு பூஞ்சணம் பிடிக்கிற மாதிரி டிஸ்க்கும் பிடிக்குது. அடிப்பக்கம் சாயல் இல்லாம வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்தா, அது கம்பெனியில் அச்சடிச்ச டிஸ்க். கடையில் வாங்கின சினிமாப் படங்கள் அந்த வகை.

இந்த ரெண்டு வகையையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. ஏன்னா, சினிமா டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பூட்டு இருக்கும், நகல் எடுக்க விடாது. 1999-ல் அந்தப் பூட்டைத் திறக்கிற ஒரு சின்ன புரோகிராம் வெளியே வந்துச்சு. நார்வே நாட்டுப் பையன் ஒருத்தன் மேல் அதுக்காக வழக்கே நடந்துச்சு. 2003-ல் அவனை விடுதலை செய்தாங்க. அமெரிக்காவில் டி.வி.டி. எக்ஸ் காப்பி என்கிற சாப்ட்வேரை விற்ற 321 ஸ்டூடியோஸ் கம்பெனி, கோர்ட்டில் தோற்று 2004-ல் மூடியே போச்சு. டி.வி.டி. டிகிரிப்டர் என்கிற இலவச சாப்ட்வேரை 2005-ல் நிறுத்த வேண்டியதாச்சு. இன்னைக்கும் காசு வாங்குற பல சாப்ட்வேர்கள் விளம்பரப்படுத்துறது, இந்தப் பூட்டைத் திறக்கிற வேலையைத்தான்.

நம்ம கல்யாண டிஸ்க்கில் அந்தப் பூட்டே கிடையாது! பூட்டில்லாத பெட்டிக்குக் கள்ளச்சாவியை எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்? நம்ம வேலைக்கு இலவச சாப்ட்வேரே போதும்.

"சரி மேடம், சினிமாப் படத்தையும் நகல் போட்டு வித்தா குழுவுக்கு வருமானம் வருமே?"ன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. வேண்டவே வேண்டாம். திருட்டு வி.சி.டி. தொழிலைத் தமிழ்நாட்டில் 2004-லேயே குண்டர் சட்டத்துக்குள் கொண்டு வந்துட்டாங்க. காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, அடுத்தவங்க உரிமையை மீறும் எண்ணத்தோடு அந்தப் பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை கிடைக்கும். குழுப் பேரை அதில் இழுத்து விடக்கூடாது.

ஆனா நம்ம வீட்டு விசேஷத்தை எடுத்த படம் யாருக்குச் சொந்தம் தெரியுமா? 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் 17-ம் பிரிவு சொல்லுது: வேற ஒப்பந்தம் எதுவும் இல்லைன்னா, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவங்கதான் அந்தப் படத்துக்கு முதல் உரிமையாளர். பின்னணியில் ஓடுற சினிமாப் பாட்டு அந்தப் பாட்டுக்காரங்களுக்குச் சொந்தம், அதனால் ஊருக்கு விற்கக் கூடாது. நம்ம வீட்டுக்குன்னு ஒரு நகல் எடுத்து வச்சுக்க யாரையும் கேட்டுத் தயங்க வேண்டாம்.

இப்ப சாப்ட்வேருக்கு வருவோம். குழுவில் கடன் கொடுக்கும்போது கேள்வி கேட்டுத்தானே கொடுக்கிறோம்? அதே மாதிரி சாப்ட்வேரையும் அஞ்சு கேள்வி கேளுங்க.

1. என்ன வேலைக்கு? டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கவா, செல்போனில் பார்க்கிற மாதிரி மாற்றவா, புது டிஸ்க்கில் எழுதவா? எல்லாத்தையும் செய்வேன்கிற சாப்ட்வேரை விட, ஒரு வேலையை ஒழுங்காச் செய்யறது நல்லது.

2. எந்த மாதிரி இலவசம்? முழுசும் இலவசமா, இல்லை கொஞ்சம் காட்டிட்டுப் பணம் கேக்குதா? முதலில் ரெண்டு நிமிஷப் படத்தை வச்சுச் சோதிங்க. அதுவும் உங்க பழைய டிஸ்க்கில் வேண்டாம், நல்லா ஓடுற வேற டிஸ்க்கில் சோதிங்க.

3. எங்கிருந்து இறக்குறோம்? அதைச் செய்தவங்களோட சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்க. பதியும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு அமுக்கிக்கிட்டே போகாதீங்க. ஒவ்வொரு டிக்கையும் படிச்சு, வேண்டாததை எடுத்துவிடுங்க. கைநாட்டு வைக்காம படிச்சுக் கையெழுத்துப் போடப் பழகினவங்க நாம.

4. தப்பு நடந்தா சொல்லுமா? டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் வந்தா, "இந்த இடம் வரலை"ன்னு சொல்ற சாப்ட்வேர்தான் நேர்மையான சாப்ட்வேர். சத்தமில்லாம விட்டுட்டு "முடிஞ்சுது"ன்னு சொல்றது, கணக்கில் துண்டு விழுந்ததை மறைக்கிற மாதிரி.

5. பத்து வருஷம் கழிச்சும் திறக்குமா? நகல், ஐ.எஸ்.ஓ. அல்லது எம்.பி.4 மாதிரி எல்லா இடத்திலும் திறக்கிற வடிவத்தில் இருக்கணும். அந்த ஒரு சாப்ட்வேரில் மட்டும் திறக்கிற வடிவம் வேண்டாம்.

இந்தக் கேள்விகளை வச்சுப் பார்த்து நான் எடுத்துக்கிட்டது மூணு சாப்ட்வேர். முதலாவது இம்ஜ்பர்ன். விண்டோஸில் ஓடும், இலவசம். டிஸ்க் முழுசையும் ஒரே ஐ.எஸ்.ஓ. ஃபைலா எடுத்துக் கொடுக்கும், படிக்க முடியாத இடத்தைச் சொல்லும், திரும்பப் புது டிஸ்க்கில் எழுதி ஒத்துப்பார்க்கவும் செய்யும். 2013-க்கு அப்புறம் புதுப்பிக்காத பழைய சாப்ட்வேர்தான், ஆனா இந்த வேலைக்குப் போதும். இதோடும் வேண்டாத விளம்பர சாப்ட்வேர் ஒட்டிக்கிட்டு வந்த பதிப்புகள் உண்டு, அதனால் மூணாவது கேள்வியை மறக்காதீங்க. லினக்ஸ் வச்சிருக்கிற பிள்ளைகளுக்கு கே3பி, பிரசெரோ இருக்கு.

ரெண்டாவது ஹேண்ட்பிரேக். 2003-ல் தொடங்கினது, இன்னைக்கும் புதுப்பிச்சுக்கிட்டே வர்றாங்க, முழுசும் இலவசம். ஐ.எஸ்.ஓ. ஃபைலைக் கொடுத்தா செல்போனில் ஓடுற எம்.பி.4 ஆக்கித் தரும். நம்ம ஊரு வீடியோவுக்கு அதில் '576பி25'ன்னு இருக்கிற அமைப்பு பொருத்தமா இருக்கும். மூணாவது வி.எல்.சி. பிளேயர். எடுத்த நகலை ஓட்டிப் பார்க்க அது போதும்.

"நேரா எம்.பி.4 ஆக்கிட்டா என்ன?"ன்னு கேக்கலாம். காபித் தோட்டத்துக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? கொட்டையா வச்சிருந்தா எப்ப வேணும்னாலும் வறுத்துப் பொடி பண்ணிக்கலாம். பொடியைத் திரும்பக் கொட்டையாக்க முடியாது. ஐ.எஸ்.ஓ. கொட்டை, எம்.பி.4 பொடி. டிஸ்க்கில் இருக்கிறது கொஞ்சமும் குறையாம ஐ.எஸ்.ஓ.வில் இருக்கும். அதை முதலில் எடுத்து வச்சுட்டு, பார்க்கிறதுக்கு எம்.பி.4 செய்துக்குங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பி வச்சதை நகல்னு நம்பாதீங்க. அது படத்தைச் சுருக்கித் தரம் குறைச்சுத்தான் அனுப்பும்.

நகல் எடுக்கிறதுக்கு முன்னாடி, சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் டிஸ்க்கை நடுவிலிருந்து வெளி ஓரத்துக்கு நேரா, மெதுவாத் துடைங்க. வட்டமாத் தேய்க்காதீங்க. டிஸ்க் ஒரு கம்ப்யூட்டரில் ஓடலைன்னா விடாப்பிடியா ஓட்டாம, வேற டிரைவில் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு டிரைவோட கண்ணும் ஒவ்வொரு மாதிரி. நகல் எடுத்ததும் ஆரம்பம், நடு, கடைசி மூணு இடத்திலும் படமும் சத்தமும் வருதான்னு பாருங்க. பழைய வி.சி.டி.க்கு முறை வேற, அதைத் தனியாக் கட்டிக் கொண்டு வாங்க.

நகல் ஒண்ணு மட்டும் போதாது. மூணு பிரதி இருக்கணும், ரெண்டு வகைப் பொருளில் இருக்கணும், ஒண்ணாவது வேற வீட்டில் இருக்கணும். டிஸ்க்கில் ஒண்ணு, பென்டிரைவில் ஒண்ணு, ஹார்டு டிஸ்க்கில் ஒண்ணு. ஒரு டிஸ்க் அதிகபட்சம் 4.7 ஜி.பி.ன்னு வச்சா, 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கில் 200 வீட்டு விசேஷம் அடங்கும்.

"கீழே வத்தலக்குண்டிலேயோ திண்டுக்கல்லிலேயோ கடையில் கொடுத்தா செய்துதர மாட்டாங்களா?" செய்வாங்க. நல்ல கடைகளும் இருக்கு. ஆனா நம்ம பொம்பளைப் பிள்ளைகளோட சடங்கு வீடியோ, வீட்டுப் பெண்கள் முகம் எல்லாம் இருக்கிற டிஸ்க், முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் ஒரு நகலா தங்கிடக் கூடாது. டிஸ்க்கை ஏத்தினா மாத்தித் தர்றோம்கிற இணையதளங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். நம்ம கையாலேயே செய்தா அந்தப் பயம் இல்லை.

அதனால் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இப்ப வர்ற லேப்டாப்களில் டி.வி.டி. போடுற இடமே இருக்கிறதில்லை. வெளியிலிருந்து சொருகுற டி.வி.டி. டிரைவ் ஒண்ணும், 1 டி.பி. ஹார்டு டிஸ்க் ஒண்ணும் கூட்டமைப்பு சார்பில் வாங்கலாம். மூணு கடையில் விலைப்புள்ளி வாங்கி, தீர்மான நோட்டில் எழுதி, முறைப்படி செய்யலாம். ஊராட்சிக்கு ரெண்டு பிள்ளைங்களுக்கு நான் சொல்லித் தர்றேன். காபிப் பழம் எடுக்கிற வேலை ஆரம்பிச்சா யாருக்கும் நேரம் இருக்காது, அதனால் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவோம். குழுக்களோட பழைய பயிற்சி டிஸ்க்கையும் விழா டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டு வாங்க.

அந்த அக்காவோட டிஸ்க் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்க. ரெண்டு வாரம் அதைத் தொடாம வச்சிருந்து, சுத்தமாத் துடைச்சு, வேற டிரைவில் போட்டு இம்ஜ்பர்னில் எடுத்தேன். பந்தி பரிமாறுற இடம் வரவே இல்லை, போனது போனதுதான். மொய் எழுதுற இடம் வந்துச்சு. காது குத்தும்போது பிள்ளை அழுவுது, அப்பா குனிஞ்சு, "முடிஞ்சுருச்சு கண்ணு, அவ்வளவுதான்"ங்கிறாரு. அது முழுசா வந்துருச்சு. அந்தப் பிள்ளை இப்ப கல்யாணப் பொண்ணு. ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அதையே நாலு தடவை ஓட்டிப் பார்த்துச்சு.

முதல் நாளே எனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருந்தா பந்தியும் கிடைச்சிருக்கலாம். உங்க வீட்டு டிஸ்க்குக்கு அந்தக் கதி வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கோட டிஸ்க்கையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வாங்க.