அங்கிள் என்றது என்னைத்தான்!

('வயதாவதை உணர்வது சிரிக்கவா, வருந்தவா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில், 'சிரிக்கவே' அணியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நமக்கு வயதாகிவிட்ட செய்தி நமக்குத்தான் கடைசியாக வந்து சேரும். எனக்கு அது பெருவிரைவு ரயிலில் வந்தது. ஓர் இளைஞர் சட்டென்று எழுந்து, "அங்கிள், உட்காருங்க" என்றார். எந்த அங்கிளைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கதவுதான் இருந்தது!

"வேண்டாம் தம்பி, அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவேன்" என்றேன். என் வீட்டுக்கு இன்னும் ஆறு நிலையம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அடுத்த நிலையத்திலேயே இறங்கி, வேறு ரயில் பிடித்து, நின்றுகொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

கண் விஷயமும் இப்படித்தான். நாற்பது வயதை ஒட்டி, கண்ணில் உள்ள வில்லை நெகிழ்வை இழப்பதால் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குகிறது. இது எல்லாருக்கும் வருவது. ஆனால் நான் கண்ணாடி போட மாட்டேன். உணவங்காடியில் விலைப்பட்டியலைப் படிக்க முடியாமல், "வழக்கமாகச் சாப்பிடுவதையே கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் பணிவாகச் சொன்னார்: "சார், நீங்கள் இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறீர்கள்."

அறுபது வயதானதும் மூத்தோர் சலுகை அட்டை கைக்கு வந்தது. பேருந்துக் கட்டணம் குறைகிறது என்றால் எனக்கு அறுபது. மற்ற நேரத்தில் ஐம்பது!

நம் சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு 'கிரீன் மேன் பிளஸ்' என்ற வசதி வந்தது. சாலை கடக்கும் இடத்தில் பொத்தானுக்கு மேலே உள்ள கருவியில் மூத்தோர் அட்டையை வைத்தால், பச்சை மனிதன் கூடுதல் நேரம் நிற்பான். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை. நான் ஒருநாளும் வைத்ததில்லை. நாலு பேர் பார்க்க, "நான் கிழவன்" என்று அறிவிப்பதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரச் சந்தையிலிருந்து துணைவியாருடன் திரும்பினேன். வேகமாகக் கடந்து அக்கரையில் நின்று, வெற்றிவீரனைப் போலத் திரும்பிப் பார்த்தேன். அவர் நடுச்சாலையில் இருந்தார். ஒரு கையில் காய்கறித் தள்ளுவண்டி, மறு கை முழங்காலில். பச்சை மனிதன் மின்னிக்கொண்டிருந்தான். எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. 4, 3, 2...

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கொண்டுவந்தேன். "உன்னிடமும் அட்டை இருக்கிறதே, வைத்திருக்கக் கூடாதா?" என்று கோபப்பட்டேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "தனியா வந்தா தட்டித்தாங்க வர்றேன். நீங்க கூட வந்தா உங்களுக்கு வெட்கமா இருக்குமேன்னுதான் ஓடுறேன்."

நடுவர் அவர்களே, அன்றைக்கு என் வாய் அடைத்துப்போனது. என் இளமையைக் காப்பாற்ற அவர் முழங்கால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

எதிரணியினர் சொன்னார்கள், நோய், தனிமை, செலவு, இதிலே சிரிக்க என்ன இருக்கிறது என்று. அவை உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர், கொடுத்த இருக்கையில் நன்றி சொல்லி அமர்வார். கண்ணாடி போடுவார். காது கேட்கவில்லை என்றால் மருத்துவரிடம் போவார். சிரிக்க மறுப்பவர்தான் எல்லாவற்றையும் மறைப்பார். அதன் விலையைக் கூட இருப்பவர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

2030ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைத் தொட்டவராகவோ தாண்டியவராகவோ இருப்பார் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. இனி ரயில் இருக்கைக்கு நமக்குள்தான் போட்டி!

துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னார் வள்ளுவர். இன்றைக்கு இருந்திருந்தால், சிரித்துவிட்டு அட்டையையும் எடுக்கச் சொல்லியிருப்பார். இப்போது நான்தான் முதலில் தட்டுகிறேன். துணைவியார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கிடைக்கிற கூடுதல் வினாடிகளில், கதை பேசிக்கொண்டே இருவரும் ஒன்றாகக் கடக்கிறோம்.