கூரை இல்லாத ஹெரால்டும் குப்பனூர் இறக்கமும்

கார் பத்தி ஒரு எபிசோடு பண்ணுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தியாவுல சின்னதா, எடை கம்மியா, மேல் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்குமா?" சுருக்கமான பதில், ஷோரூம்ல நம்ம பட்ஜெட்டுக்குக் கிடைக்காது. மாஸ்டா எம்.எக்ஸ்-5 1989-ல இருந்து உலகம் முழுக்க ஓடுது, ஆனா மாஸ்டா நம்ம ஊர்ல கடையே போடலை. 1998-ல சான் ஸ்டார்ம்னு ஒண்ணு வந்துச்சு. கோவாவுல செஞ்சாங்க. ஃபைபர் பாடி, 1149 சிசி ரெனோ இன்ஜின், 60 குதிரைத்திறன், ரெண்டே சீட். நல்ல முயற்சி. ஆனா ரோட்டுல அதைப் பார்த்தவங்க ரொம்பக் கம்மி.

ஆனா நம்ம மெட்ராஸ்லயே அந்தக் குடும்பத்துல ஒரு கார் செஞ்சாங்க. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்னைக்குப் பேச்சு அதைப் பத்திதான், ஏன்னா எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. எங்க பெரியப்பா ஓட்டினது, 1964 மாடல், ரெண்டு கதவு, கூரை கிடையாது. அவருக்கு அப்புறம் சாவி என் கைக்கு வந்துச்சு. ஞாயித்துக்கிழமை விடியக்காலை அயோத்தியாப்பட்டணம் வழியா குப்பனூர் போய், அங்கிருந்து ஏற்காடு ஏறுறது என் வழக்கம்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. பொறுமையா கேளுங்க, தேவைப்படும். ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கம்பெனி. வண்டலூர் பக்கம் ஃபேக்டரி. இங்கிலாந்துல 1959-ல ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது, வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலோட்டி. 1961-ல இருந்து அதையே இங்க ஸ்டாண்டர்டு பேர்ல செஞ்சாங்க. 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 800 கிலோ. அதே சேசிஸைக் கொஞ்சம் குறுக்கித்தான் 1962-ல ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்னு நிஜமான ஸ்போர்ட்ஸ் காரே பண்ணாங்க. இன்னும் ஒண்ணு சொல்றேன். லோட்டஸ் எலான் இருக்கு பாருங்க, எடை குறைவான திறந்த கார்னாலே எல்லாரும் கும்பிடுற கார், அதோட முன் சக்கரத்தைத் தாங்குற பாகம் ட்ரையம்ஃப்ல இருந்து எடுத்ததுதான். அப்போ வண்டலூர் கார் லோட்டஸுக்குத் தூரத்துச் சொந்தம். கல்யாணப் பத்திரிகை வைக்கிற அளவுக்கு.

சரி, கூரை எப்படிப் போச்சு? இங்கதான் ஹெரால்டோட அழகு இருக்கு. இப்போ நாம ஓட்டுற கார் எல்லாம் மோனோகாக். பாடியேதான் எலும்புக்கூடு. அதுல கூரையை வெட்டினா நடு உடம்பு தொங்கிடும், கதவைத் திறந்தா திரும்ப மூடாது. மாருதி 800-ஐ வெட்டி ஜீப் மாதிரி பண்ணித் தரேன்னு யாராவது சொன்னா ஓடிடுங்க. ஹெரால்டு அப்படி இல்லை. கீழே தனியா இரும்பு சேசிஸ், அது மேல பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டியிருக்காங்க. ரெண்டு கதவு மாடல்ல கூரையும் போல்ட்டுதான். ஸ்பேனர் எடுத்தா கழட்டலாம். இங்கிலாந்துல கம்பெனியே கன்வர்டபிளா வித்திருக்கு. பெரியப்பா 1981-ல கூரையைக் கழட்டி, சீட் கவர் தைக்கிற கடையில ரெக்சின்ல ஒரு மடக்குக் கூரை தைச்சு, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்துல பேனாவால எழுதி சீல் வாங்கியிருக்கார். கழட்டின கூரை இன்னும் எங்க மாட்டுக் கொட்டகைப் பரண்ல இருக்கு. கோழி முட்டையிடுது அதுல.

முன்பக்கம் பானெட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டா முன்னாடி சாயும். டயர் மேலயே உட்கார்ந்து இன்ஜினைப் பார்க்கலாம். வீட்டுல வேலை கத்துக்க இதைவிட நல்ல கார் கிடையாது. திரும்புற வட்டம் வெறும் 25 அடி. கொண்டை ஊசி வளைவுல பெரிய எஸ்.யூ.வி. எல்லாம் முன்னே பின்னே எடுத்துத் தவிக்கும்போது, இது ஸ்டூல் மாதிரி நின்ன இடத்துல திரும்பும்.

இப்போ பயமான பகுதி. ஹெரால்டுல உயிரோட விளையாடுற விஷயம் மூணு இருக்கு.

பின்னாடி ஸ்விங் ஆக்ஸில். நடுவுல டிஃபரன்ஷியல், அது மேல குறுக்கா ஒரு பட்டை ஸ்பிரிங், ரெண்டு பக்கமும் ஆக்ஸில் பறவை இறக்கை மாதிரி மேலயும் கீழயும் ஆடும். வளைவுல வேகமா நுழைஞ்சு, பயந்து போய் சட்டுனு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, காரோட பின்பக்கம் மேலே தூக்கும். வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். பிடி போயிடும், வண்டி சுத்திடும். ட்ரையம்ஃப் கம்பெனியே 1970-ல ஸ்பிட்ஃபயருக்கு ஸ்பிரிங்கை மாத்தித்தான் இதை அடக்குச்சு. இங்க 1972-ல வந்த ஸ்டாண்டர்டு கசல்ல ஸ்விங் ஆக்ஸிலையே எடுத்துட்டாங்க. நான் பண்ண ஒரே பெரிய மாற்றம் இதுலதான்: சேலத்துல ஸ்பிரிங் பட்டறையில பட்டையைக் கொஞ்சம் தட்டையாக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தினேன். சக்கரம் மேல்பக்கம் லேசா உள்ளே சாஞ்சு நிக்குது. மடங்குறது நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனாலும் விதி அதேதான்: பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னாடி, உள்ளே போனப்புறம் கால் அசையக்கூடாது.

ரெண்டாவது, ட்ரன்னியன். முன் சக்கரம் திரும்புறதுக்குக் கீழே ஒரு பித்தளைப் பாகம், அதுக்குள்ள திருகு மாதிரி ஒரு தண்டு. இதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் இறுகி அடைச்சுக்கும், தண்ணி உள்ளே நிக்கும், தண்டு துருப்பிடிச்சு ஒருநாள் ஒடியும். ஒடிஞ்சா முன் சக்கரம் மடிஞ்சு படுத்துடும். எங்க வண்டியைப் பார்க்குற மெக்கானிக் ஐயாவுக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு. அவர் முதல்நாள் சொன்னது: "கண்ணு, பெயின்ட் அப்புறம் பார்த்துக்கலாம். மொதல்ல தொண்ணூறு நம்பர் ஆயில் வாங்கிட்டு வா." இன்னைக்கும் மாசாமாசம் ஆயில் கேன் எடுத்து நானே விடுறேன். பழைய தண்டு ரெண்டையும் இங்கிலாந்துல இருந்து வரவழைச்சு மாத்தினேன். மத்த சில்லறைப் பாகமெல்லாம் புதுப்பேட்டை, இல்லைன்னா சேலத்து லேத் பட்டறை.

மூணாவது பிரேக். நாலு சக்கரத்துக்கும் டிரம், எல்லாத்துக்கும் ஒரே ஒரு ஹைட்ராலிக் லைன். எங்க ஒரு இடத்துல போனாலும் மொத்தமும் போச்சு. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, குப்பனூர் இறக்கம். பக்கத்துல என் தம்பி. பாதி இறங்கியிருப்போம், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. அதுக்கு முந்தின வாரம் வண்டி வேற ஒரு ஷெட்டுல இருந்துச்சு, ஃப்ளூயிட் புதுசா மாத்தியாச்சுன்னு பில்லும் போட்டிருந்தாங்க. மாத்தலை. டாட் 3 ஃப்ளூயிட் புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிட்டா 140 டிகிரி போதும். கொதிச்சா உள்ளே ஆவி, மிதிச்சா வெறும் காத்து.

செகண்ட் கியர்ல இருந்தோம், அது போதலை. ஃபர்ஸ்ட் போடணும். ஆனா இந்த கியர்பாக்ஸ்ல ஃபர்ஸ்டுக்கு சிங்க்ரோ கிடையாது, ஓடுற வண்டியில சும்மா தள்ளினா கத்தும், உள்ளே போகாது. பெரியப்பா சொல்லிக் கொடுத்த டபுள் கிளட்ச்: கிளட்சை மிதிச்சு நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து, திரும்ப கிளட்ச், ஃபர்ஸ்ட். விழுந்துச்சு. தம்பி கைபிரேக்கைப் பல்லுப் பல்லா இழுத்தான், அது தனி கேபிள், அதனால வேலை செஞ்சுது. மலைப்பக்கம் ஓரமா ஒரு மண் மேட்டுல ஒரசி நின்னோம். அரைமணி நேரம் ரெண்டு பேரும் பேசலை. ஆறினதும் பெடல் ஒண்ணுமே நடக்காத மாதிரி கெட்டியா திரும்பி வந்துச்சு. அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு.

அன்னைக்கு சாயந்தரமே தம்பி ஆரம்பிச்சான்: "அக்கா, மாருதி இன்ஜின் தூக்கி வெச்சு, டிஸ்க் பிரேக் போட்டு, நிம்மதியா ஓட்டுவோம்." நிறைய பேர் அப்படிப் பண்ணியிருக்காங்க, தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டி இருக்கக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லிடுச்சு. அதே ரக இன்ஜினை அனுமதியோட மாத்தலாம், வேற கம்பெனி இன்ஜின் வேற கதை. 2021-ல விண்டேஜ் விதி வேற வந்துச்சு. 50 வருஷம் தாண்டின கார், சேசிஸ், பாடி, இன்ஜின் எதுவும் பெருசா மாறாம இருந்தா, நம்பர்ல வி.ஏ.ன்னு போட்டு 20,000 ரூபாய் கட்டிப் பதியலாம், 10 வருஷம் செல்லும். ஆனா அப்புறம் கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடப் போறதுன்னுதான் ரோட்டுக்கு வரலாம். என் ஞாயித்துக்கிழமை காலி.

எனக்கு இன்னொரு தலைவலியும் இருக்கு. பெரியப்பா வாங்கின சீல் புத்தகத்துல இருக்கு. புத்தகம் கார்டா மாறினப்போ அந்த வரி ஏறலை. கார்டுல கூரை இருக்கு, கார்ல இல்லை. அஞ்சு வருஷப் புதுப்பிப்பு டிசம்பர்ல வருது. அதுக்குள்ள அந்த வரியை ஏத்த மனு போட்டிருக்கேன். ஏறலைன்னா கோழியை இறக்கிட்டு, கூரையைக் கழுவி, பெயின்ட் அடிச்சு மாட்டப் போறேன். அது வரைக்கும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது. இன்ஜின் மாறாது. டிரம் மாறாது. ஃப்ளூயிட் வருஷா வருஷம் மாறும், என் கண் முன்னாடி. 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காதுங்கறதால பம்ப் டயஃப்ரம், குழாய் எல்லாம் மாத்தியாச்சு.

கூரை மாட்டணும்னா முன் கண்ணாடிக்கு மேல வர்ற ரப்பர் பீடிங் வேணும். ரெண்டு கதவு ஹெரால்டுக்கு. அதை எலி தின்னுடுச்சு. உங்க தாத்தா வீட்டுப் பரண்ல, இல்லைன்னா தெரிஞ்ச பட்டறையில எங்கயாவது கிடந்தா, ஒரு மெசேஜ் போடுங்க. சேலத்துல இருந்து எவ்வளவு தூரமா இருந்தாலும் பஸ் ஏறி வந்து வாங்கிக்கிறேன்.