எழுத்துக்கு முன்னே சித்திரம்



நம் ஊர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தை ஒன்றிடம் ஒரு வெள்ளைத்தாளையும் வர்ணப் பென்சில்களையும் கொடுத்து, உனக்கு இஷ்டமானதை வரை என்று சொல்லிப் பாருங்கள். முக்கோணமாக இரண்டு மலைகள், அவற்றின் இடுக்கில் பாதி எழுந்த சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு குடிசை, அதன் பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து பறவைகள் ஆகிய யாவும் பத்து நிமிஷத்தில் தாளில் வந்து சேர்ந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாய்க்காலுமாக, மேடு என்று சொல்ல ஆற்றங்கரையையன்றி வேறொன்றும் இல்லாத தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்து வளர்ந்த குழந்தையும் அந்த இரண்டு மலைகளைத்தான் வரைகிறது; மாடிக் கட்டடங்களுக்கு நடுவே சூரியோதயத்தையே கண்டிராத சென்னைக் குழந்தையும் அந்தச் சூரியனைத்தான் வரைகிறது. குழந்தைகளுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டியதில்லை. கண்ணால் கண்டதை வரை என்று சொல்ல ஆளில்லாமல், கரும்பலகையில் கண்டதை வரை என்று சொல்ல மட்டும் ஆளிருந்ததால் வந்த வினை இது.

வாசிப்புப் பாடத்திலும் இந்தக் கதைதான். ஆசிரியர் ஒரு வரியை வாசிக்க, பிள்ளைகள் கூட்டமாகப் பின்பாட்டுப் பாட, இரண்டொரு நாளில் பக்கம் முழுவதும் நெட்டுருவாகிவிட, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிசகாமல் ஒப்பிக்கும் சமர்த்துப் பிள்ளைகளை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு வகுப்பில் குழந்தை பார்க்காமலே வரைகிறது. மற்றொரு வகுப்பில் பார்க்காமலே வாசிக்கிறது. இவ்விரண்டு குறைகளையும் ஒருங்கே தீர்க்க வல்ல சாதனம் நல்ல சித்திரப் புத்தகம் என்பது என் அபிப்பிராயம்.

பாலர்களின் பாடப் புத்தகத்தில் படம் போடுவது புதிய சங்கதியன்று. மொராவியா தேசத்துப் பாதிரியாரும் கல்வியறிஞருமான கொமேனியஸ் 1658-ஆம் வருஷத்தில் நூரெம்பர்க் நகரத்தில் வெளியிட்ட புத்தகத்தில், ஒவ்வொரு பாடத்துக்கும் தலைப்பில் ஒரு படம் வைத்து, படத்திலுள்ள பொருள்களுக்கு இலக்கமிட்டு, அந்த இலக்கங்களையே கீழே உள்ள வாக்கியங்களிலும் இட்டிருந்தார். அம்மா, ஆடு, இலை என்று நம் அரிச்சுவடியில் வரும் படங்கள் யாவும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. அவற்றால் பயன் உண்டு. ஆனால் அவை சொல்லுக்குச் சேவகம் செய்கிற படங்கள். ஆட்டைக் கண்டு ஆடு என்று சொல்லியானதும், மறுபடி அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் குழந்தைக்குக் காரணம் ஒன்றும் இருப்பதில்லை.

வங்காளத்தில் வேறு விதமாக ஒரு காரியம் நடந்தது. ஈசுவர சந்திர வித்தியாசாகரர் 1855-இல் இயற்றிய வர்ணபரிசயம் என்ற பாலபாடத்தைக் கொண்டே அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் எழுத்துக் கற்று வந்தார்கள். 1930-இல் ரவீந்திரநாத தாகூர் 'சஹஜ பாட்' என்ற புதிய பாலபாடத்தை எழுதி வெளியிட்டபோது, சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவராயிருந்த நந்தலால் போஸ் அதற்குச் சித்திரம் அமைத்தார். லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவி ஒற்றியெடுத்த படங்கள் அவை. கறுப்பும் வெள்ளையுமன்றி வேறு வர்ணம் கிடையாது. க-வர்க்க எழுத்துக்கள் வரும் இடத்தில் செம்படவர்கள் பாடிக்கொண்டே தோணி வலிக்கிறார்கள். ச-வர்க்க எழுத்துக்கள் வரும் இடத்தில் ஜனங்கள் சுமை தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாகச் சந்தைக்குப் போகிறார்கள். எழுத்துக்கொரு பொம்மை என்ற கணக்கை விட்டு, குழந்தை தினந்தோறும் காணும் ஆறும் சந்தையும் மேகமுமே எழுத்துக்களை அழைத்துக்கொண்டு வருவதுபோல் அந்தப் புத்தகம் அமைந்தது. ஹரிபுராக் காங்கிரஸ் பந்தலுக்குச் சித்திரம் எழுதியவரும், பின்னர் நம் அரசியல் சாசனத்தின் மூலப் பிரதியைத் தம் சீடர்களோடு சேர்ந்து அலங்கரித்தவருமான அந்த மகா கலைஞர், ஐந்து வயசுக் குழந்தையின் புத்தகத்துக்குப் படம் செதுக்குவதைத் தம் ஸ்தானத்துக்குக் குறைவென்று எண்ணவில்லை என்பதை, பாலர் புத்தகமென்றால் எந்தப் படமும் போதும் என்று நினைக்கிற நம் பதிப்பாளர்கள் சற்றே கவனிக்க வேண்டும்.

நந்தலாலிடம் பயின்ற சத்யஜித் ராய், 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்த காலத்தில்தான் அந்தக் கதையைச் சினிமாவாக எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு கதைக்குப் படம் வரைய முற்படுகிறவன், அந்தத் திண்ணை எந்தப் பக்கம் இருந்தது, அப்போது வெயிலா மழையா, கிழவி உட்கார்ந்திருந்தாளா நின்றாளா என்று மற்ற வாசகர்கள் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டுக்கொண்டு, வரிவரியாகக் கதையைத் துருவியாக வேண்டும். வாசித்த பாடத்துக்குப் படம் வரையச் சொல்லும்போது ஏழு வயசுப் பிள்ளையும் இவ்வாறே துருவி வாசிக்கிறது.

சித்திரம் சொல்லுக்குச் சரிநிகராக நிற்கும் புத்தகம் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் பிறந்த பாட் ஹட்சின்ஸ் என்ற அம்மையார் 1968-இல் தாமே எழுதி, தாமே வரைந்து வெளியிட்ட 'ரோஸியின் உலா' என்ற புத்தகம் அது. புத்தகம் முழுவதிலும் உள்ள ஆங்கிலச் சொற்கள் 32 மாத்திரமே. ரோஸி என்ற பெட்டைக்கோழி உலாவப் புறப்பட்டு, முற்றத்தின் குறுக்கே போய், குளத்தைச் சுற்றி, வைக்கோற்போரின் மேலேறி, மாவரைக்கும் ஆலையைக் கடந்து, வேலிக்குள் நுழைந்து, தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு வேளைக்கு வீடு வந்து சேர்ந்தது. சொற்கள் சொல்லும் கதை இவ்வளவே. ஆனால் வானொலியின் மூலம் நான் உங்களுக்குக் காட்ட இயலாத படங்களில் முதலிலிருந்தே ஒரு நரி இருக்கிறது. கோழியின் மேல் அது பாய்கிறது. பக்கத்தைத் திருப்பினால், கீழே கிடந்த வாரியின் பல்லை மிதித்து, அதன் காம்பு மூக்கில் அடிக்கிறது. மறுபடி பாய்கிறது, குளத்தில் விழுகிறது. வைக்கோற்போர் அதை மூடுகிறது, மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. நரி என்ற சொல் அந்த 32 சொற்களில் ஓரிடத்திலும் இல்லை. கோழியோ ஒருமுறையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆசிரியர் ஒன்றும் அறியாதவர்போல் சொற்களை மட்டும் நிதானமாக வாசித்துக்கொண்டு போக, "டீச்சர், நரி! நரி!" என்று வகுப்பே எழுந்து கத்துகிறது. புத்தகம் சொல்லாததைத் தாம் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமிதம் எத்தனை பயிற்சிக் கேள்விகளாலும் கிடைக்காதது. அச்சில் உள்ளதற்கு மேலாகப் பொருள் உண்டு, அதை வாசிப்பவன்தான் எடுக்க வேண்டும் என்ற தத்துவம், ஒரு வார்த்தை உபதேசமுமின்றி அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடுகிறது. நரியின் கதையை நீங்கள் எழுதுங்கள் என்று பிறகு சொன்னால், எழுதமாட்டேன் என்று சொல்லும் பிள்ளை அந்த வகுப்பில் அபூர்வம்.

படத்தை எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கு, மனோதத்துவ அறிஞர் அபிகெயில் ஹவுஸனும், நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் கல்விப் பகுதியை நடத்திய பிலிப் யெனவைனும் ஒரு முறை வகுத்தார்கள். கேள்விகள் மூன்றே: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இவற்றுள் நடுவில் உள்ளதே உயிரான கேள்வி. "அந்தப் பையன் கோபமாக இருக்கிறான்" என்று சொன்ன குழந்தை, "புருவம் நெரிந்திருக்கிறது, கையை மூடிக்கொண்டிருக்கிறான்" என்று ஆதாரம் காட்டப் பழகிவிட்டால், நாளைக்கு ஒரு பத்தியை வாசித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லும்போதும் ஆதாரத்தைத் தேடும். பென்சிலைக் கையில் எடுத்தால் புருவத்தை எங்கே வளைப்பதென்றும் அதற்குத் தெரியும்.

இப்படிப் பிள்ளைகளைப் படம் செய்ய வைக்கச் செலவாகுமே என்ற ஆட்சேபம் எழலாம். அதற்கு ஒரு புத்தகமே பதில் சொல்லும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த எஸ்ரா ஜாக் கீட்ஸ், 1962-இல் வெளியிட்டு அடுத்த வருஷமே கால்டிகாட் பதக்கம் பெற்ற 'பனி பெய்த நாள்' என்ற புத்தகத்தில், சிவப்பு உடுப்பணிந்த பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிறான். அந்தப் படங்களுக்கு அவர் உபயோகித்தவை வர்ணக் காகிதத் துண்டுகளும் துணித் துண்டுகளும்தாம்; பனித் துகள்களுக்கு அழிரப்பரில் அச்சுச் செதுக்கினார்; இரவின் சாம்பல் நிறத்துக்குப் பல் துலக்கும் பிரஷை மையில் தோய்த்துத் தெளித்தார். தையற்காரர் கடைத் துணுக்குகளும், பழைய கல்யாணப் பத்திரிகைகளும், குறுக்கே வெட்டிய வெண்டைக்காயும், கொஞ்சம் மையும் எந்தக் கிராமத்துப் பள்ளிக்கும் எட்டாத பொருள்கள் அல்ல.

இதில் வேலையின் கிரமம் முக்கியம். எழுதிவிட்டுப் படம் வரைவதைக் காட்டிலும், படத்தை ஒட்டி முடித்துவிட்டு, அதைப் பற்றிப் பேசி, பேசியதை எழுதுவது சிறு பிள்ளைகளுக்கு உகந்தது. மழையைப் பற்றி ஐந்து வரி எழுது என்றால் "மழை பெய்தது" என்பதோடு பேனாவை வைத்துவிடும் பிள்ளை, தான் ஒட்டிய மழைப் படத்தில் திண்ணைக்கடியில் இருப்பது என்ன என்று கேட்டால், "நாய் சார், நனைஞ்சு போய் உடம்பை உதறுது, எங்க பாட்டி மேல தண்ணி தெறிச்சுச்சு" என்று மூச்சுவிடாமல் சொல்கிறது. அவ்வளவையும் அப்படியே எழுதச் சொல்வதுதான் ஆசிரியர் செய்ய வேண்டிய காரியம்.

எழுத்தொலிகளைக் கிரமமாகக் கற்பிக்கும் வேலையைச் சித்திரம் செய்யாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகித்துச் சமாளிக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. அவர்களுக்குப் படத்தை மூடிவிட்டு எழுத்தைக் கூட்டி வாசிக்கச் செய்யும் நேரம் தனியே வேண்டும். இரண்டுக்கும் பொழுது இருக்கிறது.

பொழுதைப் பற்றிப் பேச்சு வந்ததால், தலைமையாசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொண்டு முடிக்கிறேன். வாரத்தில் ஓவியத்துக்கென்று இருப்பது ஒன்றோ இரண்டோ பாடவேளை. கணக்குப் பாடம் முடியவில்லை, பரீட்சை நெருங்குகிறது என்று அதையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். முடியுமானால் அந்தப் பாடவேளையைத் தமிழ்ப் பாடத்தை அடுத்து வைத்து, இரண்டையும் ஒரே ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.