கொல்லைக்கு வரும் கரிச்சான்



விடியற்காலையில், பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில், வேலிக் கம்பியில் அமர்ந்து ஒரு பறவை சீழ்க்கையடிப்பது போலப் பாடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. சுமார் 8 அங்குல நீளம். தலையும் மார்பும் முதுகும் கறுப்பு; வயிறும் இறக்கைக் கோடும் வெள்ளை. வாலை அடிக்கடி நிமிர்த்தும். கறுப்பு இருக்கும் இடத்தில் சாம்பல் நிறம் இருந்தால் அது பெட்டை. தமிழில் இதனைக் குண்டுக்கரிச்சான் என்பர். மலாய்க்காரர்கள் முராய் கம்போங் என்கிறார்கள். வங்காள தேசத்தின் தேசியப் பறவையும் இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிச் சுவரின் பொந்தில் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் குஞ்சு ஒன்றைக் காலணிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். பிள்ளையின் ஆசையைக் கெடுப்பானேன் என்று நாங்களும் இணங்கிவிட்டோம். கூண்டில் வைத்தோம், சோறு வைத்தோம், வாழைப்பழம் வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் குஞ்சு இறந்து கிடந்தது. தாயும் தந்தையும் அலகில் புழுவுடன் வேலியில் வந்து உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன.

“நல்லாத்தானே சோறு போட்டோம், ஏன் சார் செத்துப் போச்சு?” என்று அவன் கேட்டான். எங்களுக்கு அன்று விடை தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். கரிச்சானுக்கு உணவு புழு, பூச்சி, வெட்டுக்கிளி போன்றவை. பெட்டை பெரும்பாலும் 3 முதல் 5 முட்டைகள் இடும். இரண்டு வாரத்துக்குள் குஞ்சு பொரிக்கும். அதன்பின் தாயும் தந்தையும் பகலெல்லாம் ஓயாமல் இரை ஊட்டும். அந்த வேலையை ஒரு கூண்டும் ஒரு தட்டுச் சோறும் செய்துவிட முடியுமா?

அடுத்த ஆண்டு மீண்டும் ஒரு ஜோடி வந்தது. அம்முறை அதே மாணவனிடம், “பிடிக்காமல் நண்பனாக்கு” என்றோம். அவன் நாள்தோறும் ஒரே நேரத்தில் தோட்டப் பாத்தியைக் கொத்தினான். மண் புரண்டால் புழு தெரியும் அல்லவா? முதலில் 20 அடி தள்ளி அமர்ந்திருந்தான். ஓடவில்லை, கை வீசவில்லை, பறவையையே உற்றுப் பார்க்கவும் இல்லை. சில வாரங்களில் ஆண் கரிச்சான் மண்வெட்டிக்குப் பக்கத்திலேயே இறங்கிப் புழு பொறுக்கியது. அன்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நீங்களும் இதைச் செய்யலாம். கொல்லையில் ஒரு பாத்தியை மண் கொத்தி வையுங்கள். ஆழமில்லாத மங்கில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசு பெருகும். அந்தப் பாத்தியில் பூச்சி மருந்து அடிக்காதீர்கள். மருந்து பட்ட புழுவைத் தின்றால் பறவைக்கும் கேடு. பூனையை விலக்கி வையுங்கள். பறக்கக் கற்கும் குஞ்சு தரையில் கிடந்தால் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். பக்கத்துப் புதரில் எடுத்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. அது வந்து ஊட்டும்.

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட இப்பறவை 1970-களில் அரிதாகிப் போனது. அதன் பாட்டை விரும்பி மனிதர்கள் அதனைக் கூண்டுக்காகப் பிடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமம் இன்றிப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும்.

பெற்றோர்களே, பிள்ளை குஞ்சைக் கையில் ஏந்தி வந்தால் அடிக்காதீர்கள். அவன் ஆசை தவறானதன்று. அவனுடன் நடந்து சென்று, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் அன்று அதைச் செய்யத் தவறிவிட்டோம்.

நாளைக் காலை அந்தக் குரல் கேட்டால், வேலைக்குப் போகுமுன் ஒரு நிமிடம் நின்று, பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.